பராக் பாலத்தைக் கடந்து போகிற நமக்கு: விக்டோரியத் தமிழ் அமைப்புகளுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஒரு திறந்த மடல்

விக்டோரியா மாநிலத்தில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கும், வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் குழுக்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம்முடைய பொங்கல் விழாக்களில் ஒன்றில் நடந்தது இது. மங்கல விளக்கேற்றி, தமிழ்மொழி வாழ்த்துப் பாடி, மௌன வணக்கம் செலுத்திய பின், நிகழ்ச்சியைத் தொகுத்தளித்தவர் ஒரு தாளை விரித்து, இந்த நிலத்தின் மரபுவழி உரித்தாளர்களுக்கு மரியாதை செலுத்தும் நான்கு வரிகளை வாசிக்கத் தொடங்கினார். வுருன்ஜெரி என்ற பெயர் வந்ததும் அவருடைய நாக்கு இடறியது. இரண்டு முறை முயன்றார். பிறகு, “அதாவது இங்கே முன்னர் இருந்த ஆதிவாசிகள்” என்று சொல்லித் தாளை மடித்துவிட்டு, அடுத்ததாகச் சிறுவர் நடனத்தை அறிவித்தார். மேடையின் ஓரத்தில் காத்துநின்ற மாணவி ஒருத்தி, பத்து வயதிருக்கும், ஒரு காலில் சலங்கை கட்டியும் மறு சலங்கையைக் கையில் பிடித்தும் நின்றபடி என்னிடம் கேட்டாள்: “சேர், ‘இருந்த’ எண்டால் இப்ப அவையள் இல்லையா?”

“இருக்கினம் பிள்ளை, பிறகு சொல்லுறன்” என்று அப்போது சொல்லி வைத்தேன். அவளுக்குப் பிறகு சொல்ல வேண்டியதை உங்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இந்த மடலை எழுதுகிறேன். மேடையும் ஒலிவாங்கியும் உங்களிடம் இருக்கின்றன. நம் பிள்ளைகளின் சனிக்கிழமைக் காலைகளும் உங்களிடமே இருக்கின்றன.

2025-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று, குடியேற்றக் காலந்தொட்டு இங்கே முதற்குடிகளுக்கு நேர்ந்த அநீதிகளை விசாரித்த யூரூக் நீதி ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை விக்டோரியப் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஒக்டோபர் இறுதியில் மாநிலம் தழுவிய உடன்படிக்கைச் சட்டம் நிறைவேறியது. நவம்பரில், முதற்குடிகள் தேர்ந்தெடுத்த அமைப்பான முதற்குடிகள் பேரவையின் இணைத்தலைவர்களான இங்காரா மரேயும் ரூபன் பேர்க்கும் ஒருபுறமும், மாநில முதல்வர் ஜசின்டா அலன் மறுபுறமுமாக அந்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். டிசம்பரில் அரசாங்கம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. இந்தக் கண்டத்தில் ஓர் அரசாங்கம் முதற்குடிகளோடு உடன்படிக்கை என்ற பெயரிலேயே முறைப்படி கையெழுத்திட்டது இதுவே முதல் தடவை. நியூசிலாந்தில் வைத்தாங்கி உடன்படிக்கை 1840-இல் ஒப்பமிடப்பட்டதை நினைத்துப் பார்த்தால், இங்கே எவ்வளவு காலம் தாமதமானது என்பது விளங்கும். இவ்வளவும் நாம் குடியிருக்கிற மாநிலத்தில், நாம் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தன. நம் விழா மேடைகளில் ஒரு சொல்கூட இவற்றைப் பற்றி என் காதில் விழவில்லை.

உடன்படிக்கையின் ஒரு பக்கத்தில் நிற்பவர்கள் முதற்குடிகள். மறுபக்கத்தில் நிற்பது விக்டோரிய அரசு. அதாவது, வரி கட்டியும் வாக்களித்தும் அந்த அரசை உண்டாக்குகிற நீங்களும் நானும். அது யாரோ இரு தரப்பார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்று எண்ணி நாம் ஒதுங்கி நிற்க முடியாது. நம் பெயரால் போடப்பட்ட கையெழுத்து எதற்காகப் போடப்பட்டது என்பதை அறிந்திருப்பது நம் கடமை.

இந்த மண்ணில் உடன்படிக்கை என்ற சொல்லுக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. 1835 ஜூன் மாதத்தில் ஜோன் பற்மன் என்பவர், இன்று மெல்பேர்ண் நகரம் நிற்கும் நிலம் உட்பட ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கரை, கம்பளிப் போர்வைகளும் கத்திகளும் கைக்கோடரிகளும் முகம் பார்க்கும் கண்ணாடிகளும் மாவும் கொடுத்து, ஆண்டுதோறும் மேலும் தருவதாகச் சொல்லி, வுருன்ஜெரி மூத்தோரிடமிருந்து வாங்கிவிட்டதாகப் பத்திரம் எழுதினார். நிலத்தை விற்பது என்ற எண்ணமே அந்த மக்களிடம் இல்லை. தங்கள் நாட்டுக்குள் வருகிறவருக்குத் தற்காலிகமாக வழியும் தண்ணீரும் அனுமதிக்கும் தண்டரம் என்ற வரவேற்புச் சடங்காகவே அந்தச் சந்திப்பை அவர்கள் கருதியிருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அடுத்த மூன்று மாதங்களுக்குள் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் போர்க் அந்தப் பத்திரம் செல்லாது என்று பிரகடனம் செய்தார். மூத்தோர் ஏமாற்றப்பட்டார்கள் என்பதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. நிலம் முழுவதும் பிரித்தானிய முடிக்கு உரியது, அதை விற்க இந்த மக்களுக்கு உரிமையே கிடையாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஆளில்லா நிலம் என்ற அந்தப் பொய்யை உச்ச நீதிமன்றம் மாபோ வழக்கில் நிராகரித்தது 1992 ஜூன் 3 அன்று. வழக்குத் தொடுத்த எடி மாபோ அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே இறந்துபோயிருந்தார்.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதை யூரூக் ஆணைக்குழு நான்கு ஆண்டுகள் கேட்டுப் பதிவுசெய்தது. யூரூக் என்றால் வெம்பா வெம்பா மொழியில் உண்மை என்று பொருள். ஆணைக்குழு என்ற சொல்லைக் கேட்டாலே ஈழத்திலிருந்து வந்த நமக்கு மனம் சலித்துப்போகும். சாட்சி சொல்லப்போன தாய்மார் கண்ணீரோடு திரும்பி வந்ததையும், அறிக்கைகள் அலுமாரியில் தூசி படிந்ததையும் கண்டவர்கள் நாம். அந்தச் சலிப்போடுதான் நானும் இந்த அறிக்கையைத் திறந்தேன். ஆனால் இந்த ஆணைக்குழுவுக்கு முதற்குடிகளே தலைமை தாங்கினார்கள். அரச ஆணைக்குழுவின் அதிகாரங்கள் அதற்கு இருந்தன. அமைச்சர்களும் பொலிஸ் தலைமை ஆணையாளரும் அதன் முன் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் மாநில முதல்வரே சாட்சியாக வந்தார். பாதிக்கப்பட்டவர்கள் கேள்வி கேட்க, ஆள்கிறவர்கள் பதில் சொல்லுகிற ஒரு மண்டபத்தை நம் வாழ்நாளில் நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

குடியேற்றத்துக்கு முன் விக்டோரியாவில் ஏறத்தாழ 60,000 பேராக இருந்த முதற்குடிகள், 1851 அளவில் ஏறத்தாழ 15,000 பேராகக் குறைந்துவிட்டார்கள் என்று அறிக்கை சொல்கிறது. கொலைகள், நோய், பாலியல் வன்முறை, நிலப்பறிப்பு, பிள்ளைகளைப் பிரித்தெடுத்தல், மொழியை அழித்தல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இங்கே நடந்தது இனப்படுகொலை என்ற முடிவை அது எழுதிவைத்தது. ஆணையாளர்கள் எல்லோரும் எல்லா முடிவுகளிலும் ஒருமித்து நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இனப்படுகொலை என்ற சொல்லின் பாரம் நமக்குத் தெரியும். அந்தச் சொல்லை உலகம் நமக்காக ஏற்க வேண்டும் என்று ஆண்டுதோறும் மே மாதத்தில் கேட்கிற நாம், இன்னொரு மக்கள் அதைச் சொல்லும்போது காது கொடுக்காமல் இருப்பது எப்படி நியாயமாகும்?

சுயநிர்ணய உரிமை என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு இந்த மண்ணிலிருந்தே சொல்லிக்கொடுக்க விரும்பினால், ஹீல்ஸ்வில் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். அங்கே கொரண்டெர்க் என்ற இடம் இருந்தது. மலையோரங்களில் கோடைக்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு செடிக்கு வுருன்ஜெரி மக்களின் வோய்வுரங் மொழியில் வழங்கும் பெயர் அது. நிலமிழந்து அலைந்த, வுருன்ஜெரி உள்ளிட்ட குலின் மக்களுக்காக சைமன் வொங்காவும் அவருடைய உறவினர் வில்லியம் பராக்கும் பல ஆண்டுகள் நிலம் கேட்டார்கள். ஓரிடத்தில் குடியேறிப் பயிர் செய்யத் தொடங்கியபின் அங்கிருந்தும் பெயர்க்கப்பட்டார்கள். கடைசியில் 1863-இல் மலைகளைக் கடந்து வந்து கொரண்டெர்க்கில் தாங்களாகவே பாளையம் இறங்கினார்கள். காடு வெட்டினார்கள், வீடு கட்டினார்கள், பாடசாலை நடத்தினார்கள். மேற்பார்வையாளராக இருந்த ஜோன் கிறீன் என்பவர் அவர்களைத் தம் ஊரைத் தாமே நிர்வகிக்க விட்டார். ஊருக்கான விதிகளைத் தாங்களே வகுத்து, பிணக்குகளைத் தங்கள் அவையிலேயே தீர்த்துக்கொண்டார்கள். அவர்கள் பயிரிட்ட ஹொப்ஸ், பியர் வடிப்பதற்கான அந்தக் கொடிப் பயிர், 1881-இல் மெல்பேர்ண் சர்வதேசக் கண்காட்சியில் பரிசு பெற்றது.

தோற்றுப்போன ஒரு முயற்சியை யாராவது மூடியிருந்தால் அது வேறு கதை. கொரண்டெர்க் வெற்றி பெற்றதுதான் அதற்கு வினையாயிற்று. நிலம் வளமானது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துக் குடியேறிகளின் கண் அதன்மேல் விழுந்தது. பூர்வகுடிகள் பாதுகாப்புச் சபை என்று பெயர் வைத்திருந்த அமைப்பு கிறீனை விலக்கியது. மக்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு நிலத்தை விற்கத் திட்டமிட்டது. பராக்கும் அவருடைய கூட்டத்தாரும் ஆயுதம் தூக்கவில்லை. கடிதம் எழுதினார்கள், மனுக் கொடுத்தார்கள், ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரம் மெல்பேர்ணுக்கு நடந்தே வந்து அமைச்சர்களின் கதவைத் தட்டினார்கள். 1881-இல் நடந்த விசாரணையில் நேரில் சாட்சி சொன்னார்கள். சபை எங்கள்மேல் இருக்க வேண்டாம், கிறீன் ஒருவரே போதும் என்று மனுவில் எழுதி ஒப்பமிட்டார்கள். ஒருமுறை வென்றார்கள், நிலம் நிரந்தர ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. பிறகு 1886-இல் வந்த சட்டம் அவர்களுடைய குடும்பங்களையே நடுவால் பிளந்தது. கலப்புப் பிறப்பு என்று அரசு முத்திரை குத்திய இளையவர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றது அந்தச் சட்டம். வயலில் உழைத்த கைகள் போய்விட்டன, முதியவர்கள் மிஞ்சினார்கள். பராக் 1903-இல் அங்கேயே இறந்தார். 1924-இல் கொரண்டெர்க் மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த நிலம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதே போருக்குப் போய் வந்த பூர்வகுடி வீரர்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

எம்.சி.ஜி. மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போகும்போது பிரருங் மார் பூங்காவிலிருந்து ரயில் பாதைக்கு மேலாக ஒரு நீண்ட நடைபாலத்தில் ஏறி நடப்பீர்களே, அதன் பெயர் வில்லியம் பராக் பாலம். கொடியும் பறையுமாக, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நானும் அதில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஸ்வான்ஸ்டன் வீதியில் நின்று வடக்கே பார்த்தால் உயர்ந்த கட்டடமொன்றின் முகப்பில் வெள்ளை வளைவுகளால் வரைந்தது போலத் தெரியும் முகமும் அவருடையதுதான். இவை நாள்தோறும் நம் கண்ணில் பட்டும், அவர் யார் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நம் பக்கத்து ஆளும் ஒருவர் இருக்கிறார். தோமஸ் ஷட்ராக் ஜேம்ஸ் என்பவர் மொரிஷியஸ் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். மறே நதிக்கரையில் மலோகாவிலும் பின்னர் கம்மரகன்ஜாவிலும் யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்கு நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். அந்த மக்களுக்குள்ளேயே திருமணம் செய்து அவர்களில் ஒருவராக வாழ்ந்து முடிந்தார். அவருடைய மைத்துனர் வில்லியம் கூப்பர், வளர்ந்தவர்களுக்கு அவர் நடத்திய வகுப்பில் எழுத்துப் படித்தவர். அந்தக் கூப்பர், எழுபது வயதைத் தாண்டிய பின் ஃபுட்ஸ்கிறேயில் ஒரு சிறிய வீட்டில் இருந்துகொண்டு, பாராளுமன்றத்தில் தம் மக்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று மன்னருக்கு மனு எழுதி 1,814 பேரின் ஒப்பம் திரட்டினார். அவுஸ்திரேலிய அரசாங்கம் அதை மன்னருக்கு அனுப்பவே இல்லை. 1938 டிசம்பர் 6 அன்று, ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து மெல்பேர்ணிலிருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலம் போனவர்களும் கூப்பரும் அவருடைய தோழர்களும்தான். தம் சொந்த நாட்டில் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்கள், கடலுக்கு அப்பாலிருந்த இன்னொரு மக்களுக்காகத் தெருவில் இறங்கினார்கள். ஓர் ஆசிரியனாக, தோமஸ் ஜேம்ஸின் வகுப்பறையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வந்தேறியாக வந்த ஒருவர் இந்த மண்ணின் மக்களோடு எப்படி இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

மொழியைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது? நம் வார இறுதிப் பாடசாலைகளுக்கு விக்டோரிய அரசு நிதி உதவி தருகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் தமிழை ஒரு பாடமாக எடுத்துப் புள்ளி பெற நம் பிள்ளைகளுக்கு வழியிருக்கிறது. அதற்காக நாம் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் இதே மாநிலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. மிஷன்களிலும் ஒதுக்க நிலங்களிலும் பிள்ளைகள் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். இன்று அந்தச் சமூகங்கள் பழைய சொற்பட்டியல்களிலிருந்தும் மூத்தோரின் நினைவிலிருந்தும் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கியெடுத்துத் தம் மொழிகளை எழுப்பிக்கொண்டிருக்கின்றன. வுருன்ஜெரி என்ற பெயரை ஒரு மேடையில் பிழையில்லாமல் உச்சரிக்கப் பழகுவது மிகச் சிறிய காரியம்தான். நம் ழகரத்துக்காக எவ்வளவு பாடுபடுகிறோம்!

உடன்படிக்கை பற்றி நம்மிடையே உலவும் அச்சங்களையும் நான் அறிவேன். முதற்குடிகளுக்குப் பாராளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் தருவது பற்றி 2023 ஒக்டோபர் 14 அன்று நடந்த சர்வஜன வாக்கெடுப்பின்போது, வீட்டுக் காணியைப் பறித்துவிடுவார்கள் என்று வாட்ஸப்பில் வந்த செய்திகள் என் கைப்பேசிக்கும் வந்தன. தனியாருக்கு உரித்தான காணியின்மீது பூர்வகுடி உரித்துச் சட்டம் எந்த உரிமையும் கோர முடியாது. அந்தக் கதவை நீதிமன்றம் நெடுங்காலத்துக்கு முன்னரே மூடிவிட்டது. விக்டோரிய உடன்படிக்கையும் யாருடைய காணியையும் தொடவில்லை. அது செய்வது, கெல்லங் வார்ல் என்ற, முதற்குடிகளால் தேர்ந்தெடுக்கப்படும் அமைப்பை நிலைப்படுத்துவது; தங்கள் மக்களைப் பாதிக்கும் சட்டங்கள் பற்றிப் பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லவும், அமைச்சர்களைக் கேள்வி கேட்கவும், தம்முடைய காரியங்களில் சிலவற்றைத் தாமே தீர்மானிக்கவும் அதற்கு இடம் கொடுப்பது; உண்மையுரைத்தலைத் தொடர்ந்து நடத்துவது. பாராளுமன்றத்தின் முடிவைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. வில்லியம் கூப்பர் 1930-களில் கேட்டதைவிட இது பெரிதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

“நாங்கள் செய்யாத குற்றத்துக்கு நாங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்?” என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். குற்றத்துக்கு நம்மை யாரும் பொறுப்பாளி ஆக்கவில்லை. பறிக்கப்பட்ட நிலத்தின்மேல் எழுந்த செழிப்பில் நமக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. அகதியாக வந்த எனக்கு வீடும் வேலையும் பாதுகாப்பும் கிடைத்தது இந்த நிலத்தில்தான். செழிப்பில் பங்கு எடுத்துக்கொண்டவன் அந்த நிலத்தின் கடனிலிருந்து மட்டும் விலகி நிற்பது முறையல்ல.

ஒப்பமிட்ட ஒப்பந்தம் கிழிபடுவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1957-இல் செல்வநாயகம் செய்த ஒப்பந்தத்துக்கு மறு ஆண்டே என்ன நேர்ந்தது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நாம் வளர்ந்த கதை. குயின்ஸ்லாந்தில் 2023-இல் இரு பெரும் கட்சிகளின் ஆதரவோடும் நிறைவேறிய உடன்படிக்கைப் பாதைச் சட்டத்தை, 2024 இறுதியில் ஆட்சி மாறிய சில வாரங்களுக்குள் புதிய அரசாங்கம் ரத்துச் செய்தது. தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த உண்மையுரைத்தல் விசாரணையும் அதோடு நின்றுபோனது; சாட்சி சொல்ல மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு காத்திருந்த முதியவர்கள் சொல்லாமலே திரும்ப வேண்டியதாயிற்று. விக்டோரியாவிலும் எதிர்க்கட்சிக் கூட்டணி, தான் ஆட்சிக்கு வந்தால் உடன்படிக்கைச் சட்டத்தை நீக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறது. 2026 நவம்பரில் மாநிலத் தேர்தல் வருகிறது. அதற்கு முன் வேட்பாளர்கள் எல்லாக் கட்சிகளிலிருந்தும் வேட்டி கட்டிக்கொண்டு நம் மேடைகளுக்கு வருவார்கள். நாம் பொன்னாடை போர்த்துவோம், படம் எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் விசாவைப் பற்றியும் பாடசாலை நிதியைப் பற்றியும் கேட்கிற நாம், இந்த உடன்படிக்கையைக் காப்பீர்களா என்ற ஒரு கேள்வியையும் தமிழ் அமைப்புகளின் பெயரால் கேட்க வேண்டும் என்று நான் வேண்டுகிறேன். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் விருப்பம். கேள்வி எல்லோருடையதாகவும் இருக்கட்டும்.

மேடையில் வாசிக்கும் அந்த நான்கு வரிகளை நல்ல தமிழில் எழுதி, விழா நடக்கும் இடம் எந்த மக்களின் நாடு என்று முன்கூட்டியே விசாரித்து, வாசிக்கிறவருக்கு உச்சரிப்புப் பழக்கிக் கொடுங்கள். இயன்றபோது அந்த மக்களின் மூத்தோரை உரிய கொடுப்பனவோடு அழையுங்கள். அழைத்தால், அவர் பேசி முடிப்பதற்குள் ஒலிச்சோதனை செய்யாதீர்கள். ‘இருந்த’ என்ற சொல்லை அந்தத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பாடசாலைகளுக்கு என்னிடம் கொடுக்கக் கொஞ்சம் இருக்கிறது. கொரண்டெர்க் பற்றியும் வில்லியம் கூப்பரும் தோமஸ் ஜேம்ஸும் பற்றியும் எட்டாம் வகுப்புத் தரத்தில் இரண்டு பாடங்கள் எழுதியிருக்கிறேன். ஆறு பக்கம் வரும், முடிவில் அருஞ்சொற்பொருளும் பயிற்சியும் உண்டு. பங்குனி மாதத்தில் என் வகுப்பில் அதை நடத்தினேன். சலங்கையோடு நின்ற அந்தப் பிள்ளை முதல் வரிசையில் இருந்தாள். பாடம் முடிந்ததும், பராக் நடந்த பாதையை வரைபடத்தில் விரலால் தொட்டுக்கொண்டே போய், “எங்கட வீட்டுக்குப் பக்கத்தாலதான் நடந்து போயிருக்கிறார்” என்றாள். எந்தப் பாடசாலையும் இந்தப் பாடங்களை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். பிழை கண்டால் திருத்தலாம். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் உங்கள் ஆசிரியர் கூட்டங்களில் இதைப் பேசித் தீர்மானிப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
வார இறுதித் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
வுருன்ஜெரி மக்களின் நாட்டிலிருந்து, மெல்பேர்ண்.